தளபதியின் மதிப்பு பூஜ்யமா? கட்டளை அமைப்பை நெட்வொர்க்காக வரைவதில் ஒரு சிக்கல்

#1 புதுக்கணு

வணக்கம். எம்.டெக். ஆய்வுக்காக ராணுவக் கட்டளை-கட்டுப்பாட்டு அமைப்பை ஒரு நெட்வொர்க்காக வரைந்து அலசிக்கொண்டிருக்கிறேன். நிஜப் படை எதையும் எடுக்கவில்லை, கற்பனைப் பட்டாலியன்தான். தலைமையகம் ஒன்று, அதன் கீழ் 3 கம்பெனி, ஒவ்வொரு கம்பெனிக்கும் 3 பிளட்டூன் என்ற சிறு படைக்குழு. மொத்தம் 13 கணு (படத்தில் புள்ளி), 12 இணைப்பு (கோடு). தலைகீழாக நிற்கும் மரம் மாதிரி இருக்கும்.

முதல் தடவை ஓட்டியபோது எல்லாம் எதிர்பார்த்தபடி வந்தது. தலைமையகத்தைத் தவிர்த்தால் 12 கணு, 66 ஜோடி. அதில் 48 ஜோடிக்கு நடுவிலான வழி தலைமையகம் வழியாகத்தான் போகிறது. பிட்வீன்னெஸ் என்பார்களே, அதுதான். இங்கே இடைநிலை மதிப்பு என்று எழுதுகிறேன். ஒரு கம்பெனிக்கு அது 30. தளபதி மேலே, மற்றவர்கள் கீழே. சரி.

அப்புறம் பக்கவாட்டுத் தொடர்பு இருந்தால் என்ன ஆகும் என்று பார்க்க மூன்று கம்பெனிகளையும் ஒன்றோடொன்று இணைத்தேன். கூடுதலாக 3 கோடுதான். சராசரி தூரம், அதாவது ஒரு ஜோடிக்கு நடுவே கடக்க வேண்டிய இணைப்புகள், 2.77-இலிருந்து 2.15-க்கு இறங்கியது. அது நல்லது. ஆனால் தலைமையகத்தின் இடைநிலை மதிப்பு 48-இலிருந்து நேராக 0-க்கு விழுந்துவிட்டது. ஒரு ஜோடிகூட அதன் வழியாகப் போகவில்லை.

வழிகாட்டியிடம் காட்டினேன். "தளபதியைத் தூக்கிவிட்டால் ஒன்றும் ஆகாது என்கிறாயா? நிரல் தப்பா, கோட்பாடு தப்பா பார்த்துவிட்டு வா" என்று அனுப்பிவிட்டார். மூன்று நாளாக நிரலை உருட்டிக்கொண்டிருக்கிறேன். தப்பு கண்ணில் படவில்லை. யாராவது சொல்லுங்கள்.

#2 வரைபடப்பித்தன்

நிரல் சரி. காகிதத்தில் போட்டுப் பார்த்தேன், 0 தான் வரும். மரத்தில் ஒரு கம்பெனியின் பிளட்டூனிலிருந்து இன்னொரு கம்பெனியின் பிளட்டூனுக்கு 4 தாவல், தலைமையகம் வழியாக. நீங்கள் கோடு போட்ட பிறகு 3 தாவலிலேயே போய்விடலாம். குறுக்கு வழி கிடைத்தபின் மேலே ஏறி இறங்க யாருக்கும் அவசியம் இல்லை.

இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். எல்லாக் கணுக்களுக்கும் உள்ள தூரத்தைக் கூட்டினால் தலைமையகத்துக்கு இரண்டு படத்திலும் 21. மரத்தில் கம்பெனிக்கு 26, அதனால் தலைமையகம்தான் எல்லோருக்கும் கிட்டே. கோடு போட்ட பிறகு கம்பெனிக்கு 18. இப்போது நெருக்க மதிப்பிலும் உங்கள் தளபதி இரண்டாம் இடம்தான்!

இந்த அளவைகளை 1970-களின் கடைசியில் லின்டன் ஃப்ரீமன் ஒழுங்குபடுத்தினார். சமூக வலைப்பின்னல் ஆய்வுக்காகச் செய்தது. அதற்குள்ளே ஒளிந்திருக்கும் அனுமானம், எந்தக் கணுவும் எந்தக் கணுவோடும் பேச விரும்பும், பேச்சு மிகக் குறுகிய வழியிலேயே போகும் என்பது. கட்டளை அப்படிப் போகுமா? இரண்டாம் கம்பெனியின் பிளட்டூனுக்கு முதல் கம்பெனிக்காரர் உத்தரவு போட முடியாது. தகவல் போகும் வழியையும் அதிகாரம் போகும் வழியையும் ஒரே கோட்டில் வரைந்துவிட்டீர்கள். அங்கேதான் உதைக்கிறது.

#3 கேள்விக்குறி

சுருக்கமாக: 13 புள்ளியை வரைந்து போரைப் புரிந்துகொள்ள முடியாது. நன்றி, வணக்கம்.

#4 பழைய சிக்னல்

தம்பி, நான் 18 வருடம் ராணுவத் தகவல்தொடர்பைப் பார்க்கும் சிக்னல் பிரிவில் இருந்தவன். கணக்கு எனக்கு அவ்வளவாக வராது. ஆனால் உங்கள் படத்தைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பக்கவாட்டுத் தொடர்பு என்று புதிதாக எதையோ சேர்த்ததாக நினைக்கிறீர்கள். நீங்கள் சேர்த்தது பட்டாலியன் ரேடியோ நெட். அது முதல் நாளிலிருந்தே அங்கே இருக்கிறது. தலைமையகமும் மூன்று கம்பெனிகளும் ஒரே அலைவரிசையில் உட்கார்ந்திருக்கும். தலைமையகம் முதல் கம்பெனியோடு பேசினால் மற்ற இரண்டு கம்பெனிகளும் கேட்டுக்கொண்டுதான் இருக்கும். கேட்க வேண்டும் என்றுதான் அப்படி வைத்திருக்கிறார்கள். முதல் கம்பெனி அடி வாங்குகிறது என்பதை இரண்டாம் கம்பெனிக்குத் தனியாக யாரும் சொல்லத் தேவையில்லை. குரலில் உள்ள பதற்றமே சொல்லிவிடும்.

ஆக நிஜத்துக்குக் கிட்டத்தில் இருப்பது உங்கள் இரண்டாவது படம். முதல் படம் அலுவலகச் சுவரில் மாட்டும் அமைப்பு விளக்கப்படம்.

ஆனால் அந்த இரண்டாவது படமும் சரியில்லை. நான்கு பேருக்கு நடுவே 6 தனித்தனிக் கோடு போட்டிருக்கிறீர்கள். நெட் என்பது 6 கோடு இல்லை, ஒன்று. ஒருவர் பேசும்போது மற்ற மூவரும் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். ஒருவர் பிரஸ்ஸலை (பேசும்போது அமுக்கும் பொத்தானை) அமுக்கி மறந்துபோய் அப்படியே உட்கார்ந்துவிட்டால் மொத்த நெட்டும் அம்போ. ஒரு இரவுப் பயிற்சியில் எங்கள் நெட் 11 நிமிடம் செத்துக் கிடந்தது. யாரோ ஒருவருடைய மைக் மூட்டைக்கு அடியில் அமுங்கிக் கிடந்திருக்கிறது. அந்த 11 நிமிடமும் நாங்கள் கேட்டது ஒருவர் கரடுமுரடான பாதையில் மூச்சு வாங்க நடக்கும் சத்தம் மட்டும். உங்கள் படத்தில் அந்த 11 நிமிடத்தை எங்கே வைப்பீர்கள்?

#5 புதுக்கணு

ஐயா, கோபமெல்லாம் இல்லை. இன்னும் மூன்று நாள் வீணாகாமல் காப்பாற்றினீர்கள். அப்படியானால் நெட்டையே ஒரு கணுவாக வரையலாமா? ஆட்கள் ஒரு வகைக் கணு, நெட்டுகள் இன்னொரு வகை. ஆளுக்கும் அவர் கேட்கும் நெட்டுக்கும் நடுவே கோடு.

#6 வரைபடப்பித்தன்

அதேதான். இருபக்க வரைபடம் என்பார்கள். ஹைப்பர்கிராஃப் என்றும் எடுத்துக்கொள்ளலாம், அங்கே ஒரு "விளிம்பு" இரண்டு பேரை மட்டுமில்லாமல் எத்தனை பேரை வேண்டுமானாலும் கட்டிப்போடும். உங்களுக்கு 13 ஆள் கணு, 4 நெட் கணு: பட்டாலியன் நெட் ஒன்று, கம்பெனி நெட் மூன்று. இப்போது ஆளை எடுப்பது, நெட்டை எடுப்பது என்று இரண்டு விதமாகவும் சோதிக்கலாம். முழுதாக இருக்கும்போது 78 ஜோடியும் ஒருவரை ஒருவர் எட்டும்.

நானே போட்டுப் பார்த்தேன், ஆசை விடவில்லை.

தலைமையகம் போனால் மீதி 12 பேரும் இணைந்தே இருப்பார்கள், 66 ஜோடி. ஒரு கம்பெனித் தலைவர் போனால் அவருடைய 3 பிளட்டூனும் தங்களுக்குள் மட்டும் பேசிக்கொள்ளும், மற்ற 9 பேர் ஒரு பக்கம், மொத்தம் 39. ஒரு கம்பெனி நெட்டை எதிரி ஜாம் செய்தால், அதாவது இரைச்சலால் அடைத்தால், 45. பட்டாலியன் நெட்டை ஜாம் செய்தால் 18 ஜோடிதான் மிஞ்சும், மூன்று தனித் தீவுகளாக, தலைமையகம் அநாதையாக.

ஆக இந்த அமைப்பில் மிக மென்மையான இடம் ஓர் அலைவரிசை. ஆட்களில் யாரும் அந்த அளவுக்கு இல்லை. பழைய படத்தில் இது தெரியவே தெரியாது, ஏனென்றால் அங்கே 6 கோட்டையும் ஒரே நேரத்தில் வெட்ட வேண்டும், அதை "நடக்க வாய்ப்பு குறைவு" என்று கணக்கு ஒதுக்கிவிடும். எதிரிக்கு அது ஒரே ஒரு ஜாமர்.

#7 பழைய சிக்னல்

இது சரி. இதைத்தான் நாங்கள் கணக்குப் போடாமலே தெரிந்து வைத்திருந்தோம். மாற்று அலைவரிசை எதற்கு என்று நினைக்கிறீர்கள்?

#8 ஆவணப்பூனை

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ஒற்றை இடத்தில் எல்லாம் குவிந்திருந்தும் தாக்குப்பிடித்த அமைப்பு ஒன்று உண்டு, 1940-இல் பிரிட்டனின் வான்பாதுகாப்பு. டவ்டிங் அமைப்பு என்பார்கள்.

கடற்கரையில் செயின் ஹோம் ரேடார் நிலையங்கள். அவை பார்த்ததெல்லாம் முதலில் போர் விமானப் பிரிவின் தலைமையகமான பென்ட்லி பிரையரியில் இருந்த வடிகட்டும் அறைக்குப் போகும். ஒரே விமானக் கூட்டத்தை மூன்று நிலையம் மூன்று இடத்தில் காட்டும், அதை ஒன்றாக்குவதுதான் அந்த அறையின் வேலை. அங்கிருந்து ஒரு வட்டாரத்தைப் பார்க்கும் குரூப் தலைமையகம், அங்கிருந்து அதன் ஒரு பகுதியைப் பார்க்கும் செக்டர் நிலையம், செக்டர் கட்டுப்பாட்டாளர் விமானியோடு நேரடியாகப் பேசுவார். உள்நாட்டுக்குள் நுழைந்த பிறகு ரேடார் பார்க்காது, அப்சர்வர் கோர் ஆட்கள் கண்ணால் பார்த்துத் தொலைபேசியில் சொல்வார்கள்.

வரைந்தால் வடிகட்டும் அறையின் இடைநிலை மதிப்பு உச்சத்தில் நிற்கும். பாடப்புத்தகம் "இது பலவீனம்" என்று சொல்லும். ஆனால் அந்த அறை இல்லாமல் மூன்று ரேடாரும் நேரடியாக எல்லா செக்டருக்கும் பேசியிருந்தால் ஒரே கூட்டம் மூன்று கூட்டமாகியிருக்கும்.

எனக்குப் பிடித்த சின்ன விஷயம் அந்த அறைகளின் கடிகாரம். முகத்தை 5 நிமிடத் துண்டுகளாகப் பிரித்து சிவப்பு, மஞ்சள், நீலம் என்று வண்ணம் பூசியிருப்பார்கள். வரைபட மேசையில் விமானக் கூட்டங்களுக்கு வைக்கும் குறிகளும் அந்தந்த 5 நிமிடத்தின் நிறத்தில்தான். நிமிட முள் நீலத்தில் ஓடிக்கொண்டிருக்க மேசையில் சிவப்புக் குறி கிடந்தால் அது பழைய தகவல் என்று மாடியிலிருந்து பார்க்கும் அதிகாரிக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரியும். தகவலோடு அதன் வயதையும் சேர்த்து அனுப்புவது எவ்வளவு முக்கியம் என்று நெட்வொர்க் ஆய்வாளர்கள் எழுதுவதற்கு வெகுகாலம் முன்பே யாரோ வண்ணப் பெயின்ட்டில் செய்து முடித்திருக்கிறார்கள்.

ஆகஸ்ட் இறுதியில் பிகின் ஹில் செக்டர் நிலையத்தின் செயல்பாட்டு அறை குண்டில் அடிபட்டது. பக்கத்துக் கிராமத்தில் ஒரு கடையில் மாற்று அறையைத் திறந்து வேலையைத் தொடர்ந்தார்கள். திறன் குறைந்தது, ஆனால் அறுந்துபோகவில்லை. தொலைபேசி இணைப்பை வேறிடத்துக்கு மாற்ற ஆட்கள் இருந்தார்கள். அமைப்பின் தாங்குதிறன் படத்தில் இருந்த கோட்டை விட, கோட்டை மறுபடி போடத் தெரிந்தவர்களிடம் அதிகமாக இருந்தது என்பது என் கருத்து.

#9 கேள்விக்குறி

சரி, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நெட்வொர்க், நெட்வொர்க் என்று 1990-களின் கடைசியில் அமெரிக்காவில் செப்ரோவ்ஸ்கியும் கார்ஸ்ட்காவும் ஆரம்பித்து வைத்தது. நெட்வொர்க் மையப் போர்முறை என்று பெயர். 10 கணுவுக்கு 45 இணைப்பு, 100 கணுவுக்கு 4950 இணைப்பு, ஆகவே பலன் வர்க்கமாக ஏறும் என்று மெட்காஃப் விதியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். 4950 இணைப்பிலும் ஒருவன் பேசினால் அது சந்தைக்கடை. யார் கேட்பது?

2002-இல் மில்லேனியம் சேலஞ்ச் என்ற அமெரிக்கப் போர்ப்பயிற்சி. எதிரணிக்கு வான் ரைப்பர் என்ற ஓய்வுபெற்ற மரைன் ஜெனரல். ரேடியோவைத் தொடாமல் மோட்டார் சைக்கிள் தூதர்களையும் விளக்குச் சமிக்ஞைகளையும் வைத்தே உத்தரவு அனுப்பி அமெரிக்கத் தரப்பான நீல அணியின் கப்பற்படையைக் கவிழ்த்துவிட்டார். அப்புறம் மூழ்கிய கப்பல்களை மிதக்கவிட்டு ஆட்டத்தை மறுபடி தொடங்கினார்கள். எல்லா இணைப்பும் எல்லாத் திரையும் இருந்த அணி எது, தோற்றது எது?

#10 வரைபடப்பித்தன்

மெட்காஃப் விஷயத்தில் உங்கள் கட்சிதான். ஆனால் மோட்டார் சைக்கிளும் நெட்வொர்க்தான் ஐயா. கோட்டின் மேல் தாமதத்தை எழுதினால் முடிந்தது. ஆஸ்திரேலியப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தில் ஆன்தனி டெக்கர் 2000-களின் தொடக்கத்தில் ஃபின்க் என்று ஒரு முறை வைத்தார். கணுக்களைத் தாக்கும் பிரிவு, உளவுப் பிரிவு, கட்டளைப் பிரிவு என்று வகைப்படுத்தி, ஒவ்வொரு இணைப்புக்கும் தாமதம் கொடுத்து, தகவல் எவ்வளவு நேரத்தில் எங்கே போய்ச் சேரும் என்று பார்ப்பார். புதுக்கணு அதைப் படித்துவிட வேண்டும்.

இன்னொரு வழி ஜெஃப் கேர்ஸ் போட்டது. கணுக்களை நான்கு வகையாக்கினார்: பார்ப்பவர், முடிவெடுப்பவர், செயல்படுபவர், இலக்கு. பார்ப்பவரிடமிருந்து முடிவெடுப்பவருக்கு, அவரிடமிருந்து செயல்படுபவருக்கு, அவரிடமிருந்து இலக்குக்கு, இலக்கிலிருந்து திரும்பவும் பார்ப்பவருக்கு. சுற்று மூடினால்தான் போர் வேலை நடக்கிறது, மூடாத சங்கிலிக்கு மதிப்பில்லை. எந்தக் கணு எதோடு இணைந்தது என்று 0, 1 ஆக எழுதிய அட்டவணைதான் அணிக்கோவை. அதன் மிகப்பெரிய ஐகன் மதிப்பை, சுற்றுகள் எவ்வளவு பின்னிக் கிடக்கின்றன என்று காட்டும் எண்ணை, அளவையாக எடுத்தார். சுற்றே இல்லாவிட்டால் அது 0. ஒரு சுற்று இருந்தால் 1. சுவாரசியம் எங்கே என்றால், தனித்தனியாக இரண்டு சுற்று இருந்தாலும் 1 தான்! இரண்டையும் எல்லாக் கட்டத்திலும் குறுக்கே இணைத்தால் 2 ஆகிவிடும். அதே ஆட்கள், அதே ஆயுதங்கள்.

#11 கேள்விக்குறி

அந்த 2-இல் இரண்டு பேர் ஒரே இலக்கைச் சுடுவதும் சேர்ந்திருக்கிறதா?

#12 வரைபடப்பித்தன்

சேர்ந்துதான் இருக்கிறது. குறுக்கே இணைத்தால் 16 சுற்று, எது தேவை எது வீண் என்று ஐகன் மதிப்புக்குத் தெரியாது. அது வாய்ப்பை எண்ணும், தீர்ப்பு சொல்லாது. ஒத்துக்கொள்கிறேன்.

#13 தரவுத்தோழி

எல்லோரும் கோடு இருக்கிறதா, அறுந்ததா என்றே பேசுகிறீர்கள். கோடு நன்றாக இருந்தும் உள்ளே ஒன்றும் போகாத வழக்குகள்தான் என் வேலையில் அதிகம். மனிதக் காரணிகள் ஆய்வு என் துறை.

1994 ஏப்ரல் 14, வட இராக். பறக்கத் தடை விதித்த பகுதியில் இரண்டு அமெரிக்க எஃப்-15 விமானங்கள் இரண்டு அமெரிக்க பிளாக் ஹாக் ஹெலிகாப்டர்களைச் சுட்டு வீழ்த்தின. 26 பேர் இறந்தார்கள். மேலே அவாக்ஸ் விமானம், பகுதி முழுவதையும் ரேடாரில் பார்த்துக்கொண்டிருந்தது. ஹெலிகாப்டர்களோடும் பேசியது, எஃப்-15-களோடும் பேசியது. படத்தில் வரைந்தால் அவாக்ஸ் நடுவில் அழகாக உட்கார்ந்து இரண்டு பக்கத்தையும் இணைக்கும். இரண்டு தாவல்.

உள்ளே போய்ப் பாருங்கள். ஹெலிகாப்டர்கள் வழித்தட அலைவரிசையில் இருந்தன, தடைப்பகுதிக்குள் நுழைந்த பிறகும் மாறவில்லை, மாறச் சொல்லும் பழக்கமும் இல்லாமல் போயிருந்தது. எஃப்-15-கள் பகுதிக்குள் பயன்படுத்தும் அலைவரிசையில். அவாக்ஸில் வழித்தடத்துக்கு ஒரு கட்டுப்பாட்டாளர், பகுதிக்கு இன்னொருவர். நட்பு-பகை அறியும் கருவியில் ஹெலிகாப்டர்கள் வைத்திருந்தது பகுதிக்கு வெளியே செல்லும் குறியீடு. உள்ளே வேறு குறியீடு என்று அவர்களுக்குச் சொல்லப்படவே இல்லை. போர் விமானிகள் புறப்படும்போது வாங்கிய அன்றைய பறப்புத் திட்டத்தில் அந்த ஹெலிகாப்டர்களின் விவரம் இல்லை.

ஆக "அவாக்ஸ்" என்று நீங்கள் போடும் ஒரு புள்ளி, உள்ளே பல பேர். அவர்களுக்கு நடுவே அன்று அந்தத் தகவல் நகரவில்லை. கணுவை எந்த அளவுக்கு உடைத்து வரைவது என்பதிலேயே பாதி விடை தீர்மானமாகிவிடுகிறது.

எங்கள் துறையில் ஈஸ்ட் என்று ஒரு முறை உண்டு, நெவில் ஸ்டான்டனும் கூட்டாளிகளும் உருவாக்கியது. ஒரே நிகழ்வுக்கு மூன்று படம் வரைவோம்: என்ன வேலைக்குப் பின் என்ன வேலை, யார் யாரோடு பேசினார், எந்தத் தகவல் எந்தத் தகவலோடு ஒட்டியது. மூன்றாவதுதான் தனித்தன்மை. அங்கே கணு மனிதன் இல்லை, "ஹெலிகாப்டர்", "பகுதிக்குள்", "நட்பு" போன்ற சொற்கள். யாருடைய தலையில் எந்தச் சொற்கள் சேர்ந்திருந்தன என்று வண்ணம் போட்டுப் பார்ப்போம். பேச்சுப் படம் முழுசாக இருக்கும், தகவல் படம் இரண்டாகக் கிழிந்து கிடக்கும்.

#14 ஆவணப்பூனை

இதே மாதிரி 1854-இல் கிரிமியப் போரின் பாலக்ளாவா சண்டை. மேட்டில் நின்ற பிரிட்டிஷ் தளபதி ராக்லன் உத்தரவை எழுதச் சொல்லி, நோலன் குதிரையில் கொண்டுபோய், குதிரைப்படைத் தலைவர் லூக்கன் வாங்கி, தன் கீழ் இருந்த கார்டிகனுக்குச் சொன்னார். சங்கிலியில் ஒரு கண்ணிகூட அறவில்லை. "பீரங்கிகள்" என்ற ஒரே சொல்லுக்கு மேட்டிலிருந்து பார்த்தால் ஓர் அர்த்தம், பள்ளத்தாக்கிலிருந்து பார்த்தால் வேறு அர்த்தம். 600-க்கும் மேற்பட்ட குதிரைப்படையினர் தவறான பீரங்கிகளை நோக்கிப் பாய்ந்தார்கள்.

#15 தரவுத்தோழி

ஆமாம் பூனை, நல்ல உதாரணம். டிஜிட்டலில் இது இன்னும் மோசம். 1988 ஜூலை 3, அமெரிக்காவின் வின்சென்ஸ் போர்க்கப்பல் இரானியப் பயணிகள் விமானம் 655-ஐச் சுட்டது, 290 பேர் இறந்தார்கள். பல காரணம் உண்டு. அதில் ஒன்று தட எண், திரையில் தெரியும் ஒவ்வொரு விமானத்துக்கும் கப்பல் போடும் எண். வின்சென்ஸ் அந்த விமானத்துக்கு 4474 என்று எண் போட்டிருந்தது, பக்கத்துக் கப்பல் 4131 என்று போட்டது. கப்பல்களுக்கு நடுவிலான தரவு இணைப்பு இரண்டும் ஒன்றே என்று கண்டு 4131-ஐ வைத்துக்கொண்டது. பழைய 4474 தொலைவில் இறங்கிக்கொண்டிருந்த வேறொரு ராணுவ விமானத்துக்குப் போய்விட்டது. கேப்டன் "4474 என்ன செய்கிறது" என்று கேட்டால் கணினி ஒழுங்காகத்தான் பதில் சொல்லும், இறங்குகிறது என்று. பயணி விமானமோ ஏறிக்கொண்டிருந்தது.

கணுவின் பெயர் பாதி வழியில் மாறினால் உங்கள் அணிக்கோவையில் என்ன செய்வீர்கள்?

#16 புதுக்கணு

தலை சுற்றுகிறது. ஆனால் ஒரு கேள்வி. அமைப்பு விளக்கப்படம் வேண்டாம், நிஜத்தில் போன செய்திகளை எண்ணி அதிலிருந்து படத்தை எடுத்தால் இந்தத் தொல்லை தீருமா? யார் யாருக்கு எத்தனை முறை பேசினார் என்று?

#17 பழைய சிக்னல்

எங்கள் பட்டாலியனில் அதிகம் பேசியவர் ரேஷனும் டீசலும் கேட்கும் குவார்ட்டர்மாஸ்டர் ஆள். உங்கள் கணக்குப்படி அவரே தளபதி.

#18 ஆவணப்பூனை

பழைய சிக்னல் சிரிப்பாகச் சொன்னாலும் விஷயம் இருக்கிறது. செய்தியை உடைத்துப் படிக்காமல் யார் யாரோடு பேசுகிறார் என்று மட்டும் வைத்துப் படையின் அமைப்பைக் கண்டுபிடிப்பது பழைய கலை, போக்குவரத்துப் பகுப்பாய்வு என்பார்கள். இரண்டாம் உலகப்போரில் எதிரியின் ரகசியச் செய்திகளை உடைத்த பிரிட்டனின் பிளெட்ச்லி பார்க்கில் கார்டன் வெல்ச்மன் அதன் அருமையைச் சீக்கிரமே புரிந்துகொண்டவர்களில் ஒருவர். கால்சைன்களை (ரேடியோவில் நிலையங்களின் அழைப்புப் பெயர்களை) வைத்தே எந்த நிலையம் எதற்குக் கட்டுப்பட்டது என்று வரைந்துவிடுவார்கள்.

அதை வைத்தே ஏமாற்றவும் முடிந்தது. 1944-இல் அமெரிக்க ஜெனரல் பாட்டன் தலைமையில் இங்கிலாந்தின் தென்கிழக்கில் ஒரு பெரிய படைத்தொகுதி இருப்பதாக ஜெர்மானியரை நம்ப வைத்தார்கள். ஃபுசாக் என்று பெயர். அதற்கு வேண்டிய ரேடியோ பேச்சை சிக்னல் ஆட்கள் உட்கார்ந்து உற்பத்தி செய்தார்கள், டிவிஷன், கோர் என்று அடுக்கடுக்காக. கேட்பவன் வரைந்தால் ஒழுங்கான மரம் கிடைக்கும். வெகு அழகாக வரும் நெட்வொர்க்கைப் பார்த்தால் எனக்கு இப்போதும் சந்தேகம் வந்துவிடுகிறது.

#19 வரைபடப்பித்தன்

எண்ணிக்கையில் இன்னொரு பொறி உண்டு, நேரம். காலை 9.50-க்கு இரண்டாமவர் மூன்றாமவரோடு பேசினார், 10.00-க்கு முதலாமவர் இரண்டாமவரோடு பேசினார் என்று வையுங்கள். நாள் முழுவதையும் ஒரே படமாகத் தட்டினால் முதலாமவரிடமிருந்து மூன்றாமவருக்கு வழி இருக்கும். நிஜத்தில் இல்லை. முதலாமவர் வாயைத் திறக்கும் முன்பே மூன்றாமவரோடான பேச்சு முடிந்துவிட்டது. நேரம் முன்னோக்கிப் போகும் வழிகளை மட்டும் எண்ண வேண்டும்.

அப்புறம் புதுக்கணு, யாராவது உங்களிடம் "மையப்படுத்தல் நல்லதா, பரவலாக்கல் நல்லதா" என்று கேட்டால் ஹரால்ட் லீவிட் 1951-இல் வெளியிட்ட சோதனையைச் சொல்லுங்கள். 5 பேர், நடுவே தடுப்பு, துண்டுச் சீட்டில் மட்டும் பேச்சு. 6 குறிகளில் ஒவ்வொருவர் கையிலும் 5. எல்லோரிடமும் பொதுவாக உள்ள குறியைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒருவரே நடுவில் இருந்த சக்கர அமைப்பு வட்டத்தை விடக் குறைந்த செய்தியில், குறைந்த பிழையில் முடித்தது. ஆனால் வட்டத்தில் இருந்தவர்களுக்குத்தான் வேலை பிடித்திருந்தது. பிறகு மார்வின் ஷா போன்றவர்கள் சிக்கலான கணக்குகளைக் கொடுத்தபோது பரவலான அமைப்புகள் மேலே வந்தன. நடுவில் இருப்பவர் தலைக்குமேல் ஏறிவிடுகிறது. எந்தப் பிரச்சினைக்கு என்று கேட்காமல் எந்த வடிவம் நல்லது என்று கேட்க முடியாது.

#20 கேள்விக்குறி

இதைத்தான் நான் #3-இல் ஒரே வரியில் சொன்னேன்.

#21 வரைபடப்பித்தன்

நீங்கள் முடியாது என்றீர்கள். நான் எதற்கு முடியும் என்று சொல்கிறேன். 1964-இல் பால் பாரன் அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனத்தில் இருந்து எழுதியதும் வெறும் புள்ளியும் கோடும்தான். அணுத் தாக்குதலுக்குப் பிறகும் கட்டளைத் தொடர்பு மிஞ்சுமா என்பது கேள்வி. குறைந்தபட்சத் தேவையைப் போல 3, 4 மடங்கு இணைப்பு இருந்தாலே பரவலான வலை அசாத்தியமாகத் தாங்கும் என்று காட்டினார். கேள்வி "எது மிஞ்சும்" என்று தெளிவாக இருந்ததால் புள்ளியும் கோடும் போதுமாக இருந்தது.

#22 புதுக்கணு

ஐந்து நாள் கழித்து வருகிறேன். வழிகாட்டியிடம் புதிய படங்களைக் கொண்டுபோனேன். அதிகாரத்துக்கு ஒரு படம், திசையோடு, மேலிருந்து கீழே. ரேடியோவுக்கு ஒன்று, ஆட்களும் நெட்டுகளும் தனித்தனியாக. தலைமையகம் அதிகாரப் படத்தில் உச்சியில் இருக்கிறது, ரேடியோ படத்தில் அதன் இடைநிலை மதிப்பு 0 தான், இப்போது அதற்கு விளக்கமும் இருக்கிறது. பத்து நிமிடம் பார்த்துவிட்டு "தளபதி தபால்காரர் இல்லை, சரிதான்" என்றார். அவ்வளவுதான், ஆனால் அது எனக்குப் போதும்.

கூடவே ஒரு சின்னச் சோதனை. ஒவ்வொரு கம்பெனியிலும் ஒரு பிளட்டூன் தலைவருக்குப் பட்டாலியன் அலைவரிசை தெரியும் என்று வைத்தேன். கம்பெனித் தலைவர் போனால் முன்பு 39 ஜோடி மிஞ்சியது, இப்போது 66. ஒரு புதுக் கருவிகூட வாங்காமல்! இதையே முக்கிய முடிவாக வைக்கலாம் என்று இருக்கிறேன்.

#23 பழைய சிக்னல்

நல்ல முடிவு தம்பி, வையுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்தப் பிளட்டூன் தலைவரிடம் எத்தனை ரேடியோ செட்?

#24 புதுக்கணு

ஒன்றுதான் ஐயா.

#25 பழைய சிக்னல்

ஒரு செட் என்றால் ஒரு நேரத்தில் ஒரு அலைவரிசை. அவர் பட்டாலியனுக்குத் தாவிய நொடியில் மற்ற இரண்டு பிளட்டூன்களும் அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும், பதில் வராது. செத்துவிட்டார் என்று நினைத்துக்கொள்வார்கள். கம்பெனித் தலைவர் போய்விட்டார் என்பது அவருக்கு எப்படித் தெரிந்தது, எத்தனை நிமிடம் கழித்துத் தெரிந்தது என்பது வேறு கதை.

#26 புதுக்கணு

அப்படியானால் அந்த 66 ஒரே நேரத்தில் 66 இல்லை. வரைபடப்பித்தன் சொன்ன நேரக் கணக்கை இதற்குள் கொண்டுவர வேண்டும். இன்றிரவே மறுபடி ஓட்டுகிறேன். ஐயா, தாவிப் பேசித் திரும்பி வர எத்தனை நிமிடம் வைக்கட்டும்?

#27 பழைய சிக்னல்

பகலில் 2 வையுங்கள். இரவில், மழையில், கையுறையோடு என்றால் 5.